புதுப்பிப்பு: 'ஆம்பூர்' ஏன் பொருந்தவில்லை என்று தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டது இதுதான்: வேலூர்ப் பக்கத்து ஊர்ப் பட்டியலைப் பைத்தானில் பிரிண்ட் செய்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் 'ஆம்பூர்' மட்டும் இன்னொரு பட்டியலோடு பொருந்தவில்லை. ஒளிந்திருக்கும் எழுத்தை அப்படியே காட்டுவது எப்படி?

மறைந்த எழுத்தையும் குறியீடாகக் காட்டும் ரெப்ர்() போட்டுப் பிரிண்ட் செய்தேன். வாணியம்பாடி, குடியாத்தம் எல்லாம் சுத்தம். ஆம்பூரின் வாலில் மட்டும் ஒரு \ குறி, பின்னாலேயே யு200சி! அது கண்ணுக்கே தெரியாத ஜீரோ விட்த் நான்-ஜாய்னர், அதாவது பக்கத்து எழுத்துகள் ஒட்டாமல் தடுக்கும் அகலமில்லாத எழுத்து. ஓரத்து வெற்றிடங்களை நீக்கும் ஸ்ட்ரிப்() இதை நீக்காது, ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்றும் ரிப்ளேஸ்() தான் வேண்டும்.

காட்பாடி நண்பர் ஒருவர் இதற்குச் சொன்ன ரா ஸ்ட்ரிங் (\ குறியை அப்படியே எடுத்துக்கொள்ளும் சரம்), நிரலில் நாமே தட்டும் சரத்துக்கு மட்டும்தான். கோப்பிலிருந்து படித்ததற்கு உதவாது. அப்புறம், ஆஸ்கி() வேண்டாம். தமிழ் முழுக்க எண்ணாகிவிடும். பைத்தான் 3-இல் ரெப்ர்() தமிழைத் தமிழாகவே விடுகிறது, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.