படகில் போய்ப் பார்த்த டால்பினும் குகையும்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

நங்கநல்லூர் ஓய்வூதியர்

போர்ச்சுக்கலில் இருக்கும் அல்புஃபெய்ரா படகுப் பயணத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கும், ஆகவே டிக்கெட், விசா கதையெல்லாம் வேண்டாம். மகள் லிஸ்பனில் இருக்கிறாள். 2023 செப்டம்பரில் போயிருந்தோம். காரில் இரண்டரை மணி நேரம், படகில் இன்னொரு இரண்டரை மணி நேரம். முதலில் டால்பின், திரும்பி வரும்போது பெனாகில் என்ற கடல் குகை. தலைக்கு 40 யூரோ. அதை ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். நான் மாற்றிப் பார்த்தேன்.

ஓரம் முழுவதும் காற்றடைத்த ரப்பர் வைத்த வேகப் படகு. குதிரைமேல் உட்காருவது போலக் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார வேண்டும். அறுபத்தாறு வயதில் எனக்கு அதுதான் முதல் குதிரை.

அரை மணி நேரம் போன பிறகு படகோட்டிய பெண் எஞ்சினை அடக்கினாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவளுக்கு. ஏழெட்டு முதுகுகள் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி ஒன்று மட்டும் தனியாக, மூக்கின்மேல் எதையோ வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தது. அது நழுவித் தண்ணீருக்குள் போகும். இது அடியில் போய் மறுபடி மேலே கொண்டுவரும். பந்து விளையாடுகிறது என்று நினைத்து நான் கை தட்டினேன். முன்வரிசையில் ஒரு குடும்பமும் தட்டியது, ஆனால் ஆரம்பித்தது நான்தான். என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். நகம் பதிந்துவிட்டது.

அந்தப் பெண் வயர்லெஸ்ஸில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படகைத் திருப்பினாள். படகில் முணுமுணுப்பு. "இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பணம்?" என்று மகளிடம் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், ஆனாலும் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு குகைக்குள் போனோம். கூரையில் பெரிய வட்ட ஓட்டை, அதன் வழியே வெயில் நேராக உள்ளே இருக்கும் மணலில் விழுகிறது, சுவரெல்லாம் மஞ்சளும் காவியுமாகப் பாறை அடுக்குகள். படகை விட்டு இறங்க விடமாட்டார்கள். படங்களில் எல்லாரும் பார்த்ததுதான்.

கரைக்கு வந்த பிறகுதான் மகள் சொன்னாள். அது செத்துப்போன குட்டி. அந்தப் பக்கம் யாரும் வர வேண்டாம் என்றுதான் மற்றப் படகுகளுக்கு அந்தப் பெண் வயர்லெஸ்ஸில் சொன்னாளாம்.

என் மனைவிக்கு அங்கேயே எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டாம்.

வேளச்சேரி கணக்காளர்

ஐயா, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். கை தட்டியது டால்பினுக்குக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். குட்டி செத்துவிட்டது என்று அதற்குத் தெரியுமா என்பதே சந்தேகம். பிறந்த குட்டியை மூச்சு விடுவதற்காகத் தாய் மேலே தள்ளுவது இயல்புதான், அந்தப் பழக்கம் விடாமல் தொடர்கிறது, அவ்வளவுதான். அதைத் துக்கம் என்று சொல்வது நாமாக ஏற்றிச் சொல்வது.

என் அனுபவம் கோவா. சிங்குவேரிம் பக்கம், அகுவாடா கோட்டைக்குக் கீழே. "டால்பின் தெரியாவிட்டால் பணம் வாபஸ்" என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் சுற்றினோம். பழைய சிறைச்சாலையைக் காட்டினார்கள், ஒரு பணக்காரர் பங்களாவைக் காட்டினார்கள். நான் பணத்தைத் திரும்பக் கேட்கத் தயாராக இருந்தேன். அப்போது படகோட்டி எழுந்து நின்று விசிலடித்து "அதோ!" என்றார். எல்லாரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். படகு சாய்ந்ததில் நான் உயிர்காப்பு ஜாக்கெட் வாரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது வெறும் தண்ணீர்.

என் மனைவி உட்படப் பதினொரு பேர் பார்த்தேன் என்கிறார்கள். கேமராவில் 43 படங்கள் இருக்கின்றன. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், எதிலும் கடலைத் தவிர ஒன்றுமில்லை. ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பதினொரு பேரும் உண்மையாகவே பார்த்தார்களா, அல்லது பணம் கொடுத்ததற்காகப் பார்த்துக்கொண்டார்களா? வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

காசிமேட்டுக்காரன்

வேளச்சேரி சார், துக்கம் இல்லை என்று ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். 2018இல் அமெரிக்கா, கனடா பக்கத்துக் கடலில் ஓர் ஓர்க்கா, அதாவது கொலைத் திமிங்கலம் என்பார்களே அது, செத்த குட்டியை 17 நாள் சுமந்துகொண்டே நீந்தியது. உலகமே பார்த்தது. ஓர்க்காவும் டால்பின் குடும்பம்தான். 17 நாளும் பழக்க தோஷமா?

டால்பின் பார்க்க கோவாவுக்கும் போர்ச்சுக்கலுக்கும் போகிறவர்களுக்கு ஒரு தகவல். நம் சென்னைக் கடலிலும் அது இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஓங்கில் என்பார்கள். டிக்கெட் எல்லாம் கிடையாது. அதிகாலையில் வலை எடுக்கப் போகிறவன் கண்ணில் தானாகப் படும்.

எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு ஃபைபர் படகில் போனேன். வஞ்சிரத்துக்குப் போட்ட வலை. இழுக்கும்போது கனம் தாங்கவில்லை, அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேலே வந்தது ஓங்கில். வாலும் ஒரு பக்கத் துடுப்பும் வலையில் சுற்றிக்கொண்டிருந்தன. உயிர் இருந்தது. தலையில் இருக்கிற மூச்சுத் துளை திறந்து "புஸ்" என்று என் முகத்தில் நேராக அடித்தது. சுடச்சுட, கவுச்சி வாடையோடு, மனிதன் பெருமூச்சு விடுவது மாதிரியே. படகைச் சுற்றி இன்னொன்று வந்துகொண்டே இருந்தது.

அப்பா கத்தியை எடுத்து வலையை அறுத்தார். முடிச்சு முடிச்சாக அவிழ்க்க நேரமில்லை, பெரிய துண்டாகவே அறுத்தார். அந்த வலை, வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் போட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ஐயோ, வலை போச்சே அப்பா" என்றேன். வாயிலேயே ஒன்று வைத்தார். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அவர் என்னை அடித்ததே கிடையாது.

கரைக்கு வரும்வரை பேசவில்லை. வலை எப்படிக் கிழிந்தது என்று ஏலக்கூடத்தில் கேட்டவர்களிடம் பாறையில் மாட்டியது என்று சொன்னார். ஏன் பொய் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இப்போது கேட்கவும் அவர் இல்லை.

மயிலாப்பூர் சித்தி

எல்லாரும் அழவைக்கிறீர்கள். ஆனால் படிக்கிற இளம்பிள்ளைகளுக்கு உபயோகமாக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே!

முதலில் வாந்தி. கடலுக்குப் புதியவர்கள் ஆவோமின் மாத்திரையைப் படகு ஏறியபின் போட்டுக்கொள்கிறார்கள். அப்போது போட்டால் மாத்திரையும் சேர்ந்துதான் வெளியே வரும். ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட்டுவிட வேண்டும். தூக்கம் வரும், அதனால் அதைப் போட்டுக்கொண்டு பிறகு கார் ஓட்டாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போகக் கூடாது, பொங்கல் வடை சாப்பிட்டும் போகக் கூடாது. இரண்டு இட்லி போதும். முன்பக்கம் ஆட்டம் அதிகம், காட்சி நன்றாகத் தெரியும் என்று அங்கே ஓடாதீர்கள். நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள், ஆனால் டீசல் புகை வருகிற இடத்தில் வேண்டாம். ஃபோனைக் குனிந்து பார்க்காமல் தூரத்தில் வானமும் கடலும் சேருகிற கோட்டைப் பாருங்கள்.

இரண்டாவது, உயிர்காப்பு ஜாக்கெட். புடவை கசங்கும், வேர்க்கும் என்று கையில் வைத்துக்கொண்டு உட்காருகிற மாமிகளை நானே பார்த்திருக்கிறேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஏரிதானே, ஆழமில்லை என்று நினைக்கிற இடத்தில்தான் இப்படி ஆகிறது. ஜாக்கெட் இல்லை என்றால் இறங்கி வந்துவிடுங்கள். பணம் போனால் போகிறது. வேளச்சேரித் தம்பி சொன்ன மாதிரி எல்லாரும் ஒரே பக்கம் சாய்வது பெரிய தவறு. படகோட்டி "அதோ" என்றால் கழுத்தை மட்டும் திருப்புங்கள், உடம்பைத் திருப்பாதீர்கள்.

மூன்றாவது, கோவாவுக்கு ஜூனிலிருந்து செப்டம்பர் வரை போகாதீர்கள். மழைக்காலத்தில் படகு விடமாட்டார்கள். டால்பின்தான் குறிக்கோள் என்றால் ஒடிசாவில் சிலிக்கா ஏரிக்குப் போங்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் புவனேஸ்வர், அங்கிருந்து பூரி, பூரியிலிருந்து சாத்பாடா. அங்கே இருப்பது ஐராவதி டால்பின். நீள மூக்கு கிடையாது, குடம் மாதிரி உருண்டைத் தலை. சாது. குதிக்காது, குதிக்கவில்லையே என்று படகோட்டியிடம் சண்டை போடாதீர்கள்.

என் அனுபவமும் அங்கேதான். டால்பின் தலையை நீட்டிய அதே நொடியில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருடைய தொப்பியில் நான் வாந்தி எடுத்துவிட்டேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி ஏரியில் ஒரு முறை அலசிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பெரம்பூர் ரயில்வே

சித்தி, டீசல் புகை வராத பின்பக்கம் எந்தப் படகில் இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

குகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தமானில் பாரடாங் குகைக்குப் போய்வந்துவிட்டுக் கடல் குகை பார்த்தேன் என்று சிலர் சொல்கிறார்கள். அது கடல் குகை அல்ல. மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து உண்டாக்கியது. போவது மட்டும்தான் படகில். நங்கநல்லூர் சார் பார்த்த குகையும் சுண்ணாம்புப் பாறைதான், ஆனால் அங்கே பக்கவாட்டில் அலை அரித்திருக்கிறது, மேலிருந்து மழைநீர் கரைத்திருக்கிறது. கூரையில் ஓட்டை விழுந்தது அதனால்தான்.

நாங்கள் போனது 2016. போர்ட் பிளேரில் விடியற்காலையில் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, ஜாரவாப் பழங்குடிகள் வாழும் காட்டைத் தாண்டி, அந்த வழியெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீலாம்பூர் துறையில் சின்னப் படகு. கடைசிக் கொஞ்ச தூரம் அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து தலைக்குமேல் சேர்ந்துகொள்ளும். தலையைக் குனிந்துகொண்டுதான் போக வேண்டும். அங்கே படகோட்டி என்னைப் பார்த்து, "மெட்ராஸா?" என்றார். சுத்தமான வடசென்னைத் தமிழ்.

பதினைந்து வயதில் கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து வந்தவர், பிறகு ஊருக்கே போகவில்லை. ராயபுரத்தில், கடலை ஒட்டி ஒரே ஒரு தங்கை. 2004 சுனாமி இரண்டு கரையையும் அடித்தது. இவர் வீடும் போயிற்று, அவள் வீடும் போயிற்று என்று கேள்விப்பட்டாராம். உயிரோடு இருக்கிறாள் என்று யாரோ வந்து சொன்னார்கள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. படகு டிக்கெட்டின் பின்பக்கத்தில் தங்கை பெயர், பழைய முகவரி, தன்னுடைய ஃபோன் எண், மூன்றையும் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது எஞ்சினை நிறுத்திவிட்டார். மற்றப் பயணிகள் முனகினார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் திறந்த நீருக்கு வந்ததும் சாரல் அடித்தது. நனைந்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டு வந்தோம். ராத்திரி விடுதியில் பையிலிருந்து எடுத்தால் நீலமாக ஒரு கறை. விரித்ததும் மடித்த இடத்தில் இரண்டாகக் கிழிந்தது. மறுநாள் காலை எங்களுக்கு விமானம். சென்னைக்கு இரண்டே கால் மணி நேரம்.

குகையில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஞாபகம் இல்லை.

வேளச்சேரி கணக்காளர்

காசிமேட்டு நண்பருக்கு: எங்கள் அலுவலகத்தில் ஏசி வேலை செய்து நான்கு மாதம் ஆகிறது. 17 நாள் சுமந்தது உண்மை, மறுக்கவில்லை. ஏன் சுமந்தது என்பதற்கு நீங்கள் சொல்கிற காரணம்தான் என் பிரச்சினை. ஆனால் உங்கள் அப்பா ஏன் பொய் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. வியாபாரிக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் ஓங்கிலுக்காக வலையை அறுத்தேன் என்று அவன் முன்னால் எப்படிச் சொல்வார்?

நங்கநல்லூர் ஓய்வூதியர்

எல்லாருக்கும் நன்றி. சித்தியின் குறிப்புகளை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இட்லி என்றதும் சிரித்தாள். மேலே நான் எழுதியதையும் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அந்தப் பெண்ணுக்கு நீங்கள் நன்றி சொல்லியிருக்கலாம்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

காசிமேட்டுக்காரன்

வேளச்சேரி சாருக்குப் பிறகு பதில் சொல்கிறேன். பெரம்பூர் அண்ணா, ராயபுரம் பக்கத்துக் கடலோர ஆட்கள் சிலர் சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்க் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். என் அத்தை வீடு அங்கேதான். அந்தத் தங்கையின் பெயர் ஞாபகம் இருக்கிறதா?

பெரம்பூர் ரயில்வே

பெயர் மேரி என்றுதான் ஞாபகம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்படித் தேடுவது என்றுதான் விட்டுவிட்டேன் தம்பி. தையல் வேலை செய்கிறவள், இடது கையால்தான் கத்தரிக்கோல் பிடிப்பாள் என்று ஒரு முறை சொன்னார்.

காசிமேட்டுக்காரன்

இடது கைத் தையல்காரி என்றால் அத்தைக்குத் தெரியாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, போய்க் கேட்கிறேன். அந்தக் கிழிந்த டிக்கெட் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?