எம்ஜிபி: கேம்ஷாஃப்ட் மாற்றிய பிறகு 3000-க்குக் கீழே இழுவை இல்லை, உதவுங்கள்

கேள்வி:
1967 எம்ஜிபி கார், 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். எஞ்சினைப் பிரித்தபோது ஒரிஜினல் கேமுக்குப் பதில் 285 டிகிரி கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, இது அதிக நேரம் திறந்து வைக்கும்) போட்டேன். கேம் தள்ளும் டேப்பெட்டுகளும் புதுசு. ஸ்ப்ராக்கெட் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துத்தான் செயின் மாட்டியது. இப்போது 3000 ஆர்பிஎம் வரை வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது, அப்புறம் பறக்கிறது. ஐடில் 1000-க்குக் கீழே நிற்பதில்லை. இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று. பெரிய கேம் என்றால் இப்படித்தானா?

பதில் 1:
ஐடில் விஷயத்தில் ஆமாம். இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இன்லெட் துளை இரண்டுதான். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே துளையில் இழுப்பதால் ஓவர்லேப் (இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) கூடினால் ஐடில் உதறத்தான் செய்யும். 1000 எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆனால் 3000 வரை இழுவையே இல்லாதது சரியில்லை. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் நீடில் மாற்றிப் பார்க்கலாமே?

பதில் 2:
நண்பரே, நீடிலைத் தொடுவதற்கு முன் கேம் டைமிங்கை (பிஸ்டன் எங்கே இருக்கும்போது வால்வு திறக்கிறது என்பதை) அளந்துவிடுங்கள். புள்ளிகள் நேராக இருந்தால் பல் சரி என்று மட்டும்தான் அர்த்தம். சாவிக்குழி, ஸ்ப்ராக்கெட், கேம் கடைந்த விதம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் விலகல் சேரும்.

ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றாதீர்கள், அதைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. முன்னாலிருந்து இரண்டாவது வால்வுதான் 1-ம் சிலிண்டரின் இன்லெட். அதன் கிளியரன்ஸை மட்டும் பூஜ்யமாக்கி, ஸ்பிரிங் தொப்பியில், வால்வு எழும்பும் அளவைக் காட்டும் டயல் கேஜை நிறுத்துங்கள். கிராங்கில் டிகிரி தட்டு மாட்டி, பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுக்கும் கம்பி) வைத்து மேல்புள்ளியை (பிஸ்டன் மிக மேலே நிற்கும் இடத்தை) குறித்துக்கொண்டு, ஸ்டாப்பை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வால்வு முழுதாகத் திறக்கும் உச்சத்தில் முள் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அங்கே டிகிரி படிக்காதீர்கள். உச்சத்துக்கு 1 மி.மீ. முன்னும் 1 மி.மீ. பின்னும் படித்து நடுவை எடுங்கள்.

கேட்டவர்:
ஏறும்போது 68, இறங்கும்போது 168. நடு 118. கேமுடன் வந்த தாளில் மேல்புள்ளிக்குப் பின் 106 என்று இருக்கிறது. நான்கு இன்லெட் வால்வுகளும் ஒரே அளவு எழும்புகின்றன.

பதில் 2:
அப்படியானால் கேம் 12 டிகிரி தாமதம். ஒரு பல் தவறியிருந்தால் இதைவிட அதிகம் காட்டும். இன்லெட் வால்வு இவ்வளவு தாமதமாக மூடினால், குறைந்த வேகத்தில் உள்ளே வந்த கலவையை மேலேறும் பிஸ்டன் திருப்பித் தள்ளிவிடும். வேகம் கூடும்போது காற்றோட்டத்தின் உந்துதல் அதை ஈடுகட்டும். அதனால்தான் மேலே பறக்கிறது.

கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஆஃப்செட் சாவி (ஸ்ப்ராக்கெட்டைக் கேமில் சற்றுத் திருப்பி உட்காரவைக்கும் சாவி) போடுங்கள். கிராங்கில் 12 என்றால் கேமில் 6, வாங்கும்போது எந்தக் கணக்கு என்று கேளுங்கள். கேமை முன்னால் கொண்டுவந்தால் இன்லெட் வால்வு பிஸ்டனை நெருங்கும், அந்த இடைவெளியையும் பாருங்கள். கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி அளந்த பிறகே ஸ்டார்ட். பூஜ்யமாக்கிய கிளியரன்ஸைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள்.

பதில் 3:
தட்டை டேப்பெட் எஞ்சின் இது, துத்தநாகம் போதுமான அளவு உள்ள ஆயிலே ஊற்றுங்கள். டேப்பெட்டுகளை வெளியே எடுத்தால் இடம் மாற்றிவிடாதீர்கள், ஒவ்வொன்றும் கேமில் உள்ள தன் லோபோடுதான் (மேட்டோடுதான்) பழகியிருக்கும்.

கேட்டவர்:
சாவி போட்டு அளந்தேன், 107. இப்போது 2000-லேயே இழுக்கிறது. ஐடில் 950. ரொம்ப நன்றி. நீடிலுக்கு இனிமேல்தான் வருகிறேன், முழு த்ராட்டிலில் பிளக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது, பெட்ரோல் குறைவு போல.