குதிரை மேல் அரை மணி நேரம்: உங்களுக்கு என்ன நடந்தது?

கொட்டகலைக்காரி:
மூன்று வாரமாக மனசில் கிடந்து உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். வயது 47, எடை 68 கிலோ, சுகர் வந்து நாலு வருஷம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். முழங்கால் வலியோடு எங்கள் ஏற்ற இறக்கத்தில் நடக்க முடியவில்லை. குதிரைச் சவாரியும் நல்ல உடற்பயிற்சிதான், கலோரி நன்றாகக் கரையும் என்று தங்கச்சி மகன் சொன்னான். நுவரெலியாவுக்குப் போன அன்று ரேஸ் மைதானத்துப் பக்கம் ஒரு மட்டக்குதிரையை அரை மணி நேரத்துக்குப் பேசி ஏறினேன். தங்கச்சி மகன், அடியும் கலோரியும் காட்டும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டான்.

குதிரையைப் பிடித்து வந்த தம்பிக்குப் பதினெட்டு இருக்கலாம். ரப்பர் செருப்பு. முந்தின நாள் மழையில் பாதை முழுக்கச் சேறு. "கொஞ்சம் வேகமாகப் போகலாமா தம்பி" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். குதிரையும் கூடவே ஓடியது. நான் சேணத்தின் முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

நிறுத்தியதும் அவன் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். அந்தக் குளிரில் அவன் முதுகிலிருந்து ஆவி எழும்பியது. குதிரையின் கழுத்திலிருந்தும் அதே மாதிரி ஆவி. எனக்கு விரல் நுனி விறைத்துப் போயிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் 212 கலோரி, 2,900 அடி என்று இருக்கிறது. அதில் ஒரு அடிகூட நான் வைத்ததில்லை.

பேசிய காசுக்கு மேலே கொடுத்தேன். ஆனாலும் அந்த ஆவி கண்ணை விட்டுப் போகவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

லாயத்துப் பையன்:
அக்கா, கோபிக்க வேண்டாம். நீங்கள் செய்தது சவாரி இல்லை. இன்னொருவர் கயிற்றைப் பிடித்து நடத்தும் குதிரையில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். எங்கள் அப்பா ரேஸ் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர். நான் லாயத்தில் வளர்ந்தவன், அதனால் சொல்கிறேன்.

பன்னிரண்டு வயதில் அப்பா என்னை முதல் தடவை ட்ரொட்டில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட குலுங்கு ஓட்டத்தில், விட்டார். கால் வைக்கும் அங்கவடி இரண்டையும் கழற்றிவிட்டு, கடிவாளத்தை மட்டும் கையில் கொடுத்தார். ட்ரொட்டில் குதிரையின் முதுகு ஒரு விநாடிக்குள் இரண்டு மூன்று தடவை தூக்கிப் போடும். தொடையின் உள்பக்கத்தாலும் வயிற்றாலும் அதை வாங்கத் தெரியாவிட்டால் பல் கிட்டிக்கும். இருபது நிமிஷம் விட்டார். மறுநாள் காலையில் வீட்டு வாசலில் மூன்று படி இறங்க வேண்டும், இறங்க முடியவில்லை. அம்மா தைலம் தேய்க்கும்போது தொடைத் தசை தனியாக நின்று துடித்தது. இன்றைக்கும் படி இறங்கும்போது அந்தக் காலை ஞாபகம் வரும். சவாரி என்றால் அதுதான். அதில் கலோரி கரையாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதுளை பி.டி. மாஸ்டர்:
என் அனுபவம் சின்னது. ஒரு தடவை நின்றுகொண்டிருந்த குதிரை சட்டென்று தலையைக் குனிந்து புல் மேய்ந்தது, நான் கழுத்து வழியாகச் சறுக்கிக் கீழே விழுந்தேன். தலையில் ஹெல்மெட் இல்லை. ஒரு சாண் தள்ளிக் கல் கிடந்தது.

இனி கொட்டகலை அக்காவுக்கு. கடிகாரத்தை நம்ப வேண்டாம். குதிரையின் குலுக்கலை அது உங்கள் அடியாக எண்ணிவிட்டது. பயத்தில் உங்கள் இதயம் வேகமாக அடித்திருக்கும், அதையும் உழைப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கும். உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்று காட்ட மெட் என்று ஓர் அளவு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு 1. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவருக்கு 3.8, ட்ரொட்டில் 5.8, பாய்ச்சலில் 7.3. ஒரு மெட் என்பது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கலோரி. உங்கள் 68 கிலோவுக்கு அரை மணி நேர நடைச் சவாரி 129 கலோரி. வீட்டில் சும்மா இருந்தாலே 34 போயிருக்கும், அதைக் கழித்தால் 95. சமதரையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 146 வரும், அதிலும் 34-ஐக் கழித்தால் 112. அந்த மட்டக்குதிரை நடந்த நேரத்துக்கு நீங்களே நடந்திருந்தால் உங்களுக்கு லாபம்.

முழங்காலுக்கு இறக்கம்தான் எதிரி. பஸ்ஸில் இறங்கி ஏற்றத்தில் மட்டும் நடங்கள், திரும்பும்போது பஸ் பிடியுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள், காலையும் மாலையும். சுகர் மருந்து எடுப்பவர் வெறும் வயிற்றோடு சவாரிக்கோ நடைக்கோ போகக்கூடாது, பையில் இரண்டு டொபி இருக்கட்டும். மறுபடி ஏறினால் ஹெல்மெட் கேளுங்கள். குதிகால் விரல்களைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழும்போது பாதம் அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. கொள்ளு ரசம் வைத்துக் குடியுங்கள். கொள்ளு குதிரைக்கு மட்டும் இல்லை, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்கள்.

ஏரிக்கரை:
மாஸ்டர், எல்லாக் கணக்கும் போட்டீர்கள். ஓடின பையனுக்கு எத்தனை மெட் என்று போடவில்லையே.

நான் நுவரெலியா கிரகரி ஏரிப் பக்கம் ஆறு வருஷம் குதிரை பிடித்தவன். ஊர் சுற்றிப் பார்க்க ஆட்கள் வரும் ஏப்ரல் சீசனில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நடை. அதில் சேர்ப்பதை வைத்துத்தான் மழை மாதங்களைத் தள்ள வேண்டும், குதிரைக்கும் தீனி போட வேண்டும்.

எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. ஒரு சாயங்காலம் சேணத்தைக் கழற்றினேன். அடியில் விரித்த சாக்கு முதுகில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெந்நீரில் நனைத்து மெதுவாக உரித்தேன். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குத் தோல் இல்லை. அன்று காலையில் ஏறிய ஆள் தொண்ணூறு கிலோவாவது இருப்பார். குதிரை ஒரு சத்தமும் போடவில்லை, காதை மட்டும் பின்னால் மடக்கியது.

குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு, சேணமும் அதில் சேர்த்தி. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோ. இதை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு பெரிய ஆட்களை ஏற்ற மாட்டேன் என்றேன், முதலாளி வேறு பையனைப் பார்த்துக்கொண்டார்.

பதுளை பி.டி. மாஸ்டர்:
மெதுவான ஓட்டம் 7 மெட். பையன் 52 கிலோ என்று வைத்தால், அரை மணி முழுக்க ஓடியிருந்தால் 182. கேட்டது நியாயம்.

கொட்டகலைக்காரி:
அந்தக் குதிரையின் முதுகு என் தோள் உயரம்கூட இல்லை. ஏரிக்கரைத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு இன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஏறும்போது யாராவது என் எடையைக் கேட்டிருக்கலாம். நானாவது கேட்டிருக்க வேண்டும்.

தலவாக்கலை அம்மா:
லாயத்துப் பையன் சொன்ன ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இன்னொருவர் பிடித்து நடத்தும் குதிரையில் உட்கார்ந்து வருவது ஒன்றுமில்லை என்று எழுதாதீர்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது, பெருமூளை வாதம். இரண்டு காலும் கத்திரிக்கோல் மாதிரி இறுகிக்கொள்ளும், வலது குதிகால் தரையைத் தொடாது. போன வருஷம் அவன் ஆசைப்பட்டான் என்று ஒரு அமைதியான கிழட்டுக் குதிரையில் ஏற்றினோம். ஒரு பக்கம் அவன் அப்பா, ஒரு பக்கம் நான். முதல் சுற்றில் தொடை பலகையாக இருந்தது. குதிரை நடக்க நடக்க அவன் இடுப்பு இடமும் வலமுமாக ஆடியது, நாம் நடக்கும்போது ஆடுமே, அப்படியே. மூன்றாவது சுற்றில் என் கைக்குக் கீழே அந்தத் தொடை இளகியதை உணர்ந்தேன். இறக்கி நிறுத்தியபோது வலது குதிகால் தரையில் படிந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் பழையபடி எழும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பல நாடுகளில் இதை ஒரு சிகிச்சையாகவே செய்கிறார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். அவரைத் தூக்கித்தான் குதிரையில் ஏற்ற வேண்டும், தூக்கித்தான் இறக்க வேண்டும். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அந்த நடையில் என் பிள்ளைக்கு எத்தனை கலோரி போனது என்று எனக்குத் தேவையில்லை. அந்த ஒரு நிமிஷம் இன்னும் என் கையில் இருக்கிறது. மறுபடி கூட்டிப்போகப் பயமாகவும் இருக்கிறது, வராவிட்டால் என்ன செய்வது என்று.

லாயத்துப் பையன்:
அம்மா, நான் எழுதியது தப்பு. தம்பியைக் கூட்டி வாருங்கள். முதலில் அவனைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இடுப்பு மூட்டைப் பார்த்துச் சொல்லட்டும். சீசன் நேரம் வேண்டாம், ஹோர்ன் சத்தத்துக்குக் குதிரை மிரளும். மே கடைசியில், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் வாருங்கள். எங்களிடம் பத்தொன்பது வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது, ஓட்டத்தை எல்லாம் விட்டுவிட்டது. சாக்கு இல்லை, தடித்த கம்பளிதான் போடுவேன். கயிற்றை நான் பிடிக்கிறேன்.

ஏரிக்கரை:
ஒரு பக்கம் பிடிக்க நானும் வருகிறேன்.