மனிதாபிமானத் தலையீடு: வேறு சொல் தேவை

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் அரசு தன் ஆட்சியின் கீழ் உள்ள மக்களையே கொன்று குவிக்கும்போது, பிற நாடுகள் அந்த அரசின் இசைவின்றிப் படையனுப்பித் தடுப்பதை நம் அகராதியில் எந்தச் சொல்லால் குறிப்பது என்று குழுமத்தில் நடக்கும் விவாதத்தில், நாளிதழ்களில் வேரூன்றிவிட்ட 'மனிதாபிமானத் தலையீடு' என்பதையே ஏற்கலாம் எனப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மனிதாபிமானம் ஒரு நற்பண்பின் பெயர். அதை அடைமொழியாக்கினால், செயல் சரியா தவறா என்று ஆராயும் முன்பே மாணவருக்குத் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம்.

1999இல், அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த கொசோவோ மாகாணத்தை முன்னிட்டு, நேட்டோ படைக்கூட்டணி யூகோஸ்லாவியாவின் மீது 78 நாட்கள் குண்டுவீசியது, ஐ.நா. பாதுகாப்பு அவை அதற்கு ஒப்புதல் தரவில்லை. அல்பேனியர்கள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டதும் உண்மை, குண்டுகளுக்குப் பொதுமக்கள் பலியானதும் உண்மை. பின்னர் ஆராய்ந்த, எந்த அரசையும் சாராத பன்னாட்டு ஆணையமோ அது சட்டப்படி செல்லாது, ஆயினும் நியாயம் உடையது என்றது. இவ்வளவு சிக்கலான ஒன்றைப் புகழ்ச்சொல்லால் குறிப்பது முறையாகாது. கனடா அரசின் முன்முயற்சியில் அமைந்து 2001இல் அறிக்கை அளித்த, தலையீடும் அரசு இறைமையும் குறித்த பன்னாட்டு ஆணையமும் இந்தத் தொடரைக் கைவிட்டது. படை நடவடிக்கைக்குத் தங்கள் பணியின் பெயரைச் சூட்டுவதை நிவாரண அமைப்புகள் எதிர்த்தது அதற்கு ஒரு காரணம்.

மாற்றாக முன்வைக்கப்பட்ட 'மனித உரிமைத் தலையீடு' இன்னும் இடர்ப்பாடானது. வேற்றுமைத்தொகையாக விரித்தால் மனித உரிமைக்கான தலையீடு என்றும் வரும், மனித உரிமையில் தலையீடு என்றும் வரும். இரண்டும் நேர் எதிரானவை. 'தலையீடு' என்பதில் வேண்டாத நுழைவு என்ற சாயல் இருப்பதால் 'இடையீடு' எனலாம் என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. ஐ.நா. சாசனத்தின் 2(4)ஆம் உறுப்பு பிற நாட்டின் மீது படைவலிமையைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. தற்காப்பும் பாதுகாப்பு அவையின் ஒப்புதலும் மட்டுமே விதிவிலக்குகள். எனவே நியாயத்தை நிறுவும் சுமை படையனுப்புபவரையே சேரும். அந்தச் சாயல் இருக்கட்டும்.

என் பரிந்துரை 'காப்புநோக்குப் படைத்தலையீடு'. காப்பதே நோக்கம் என அறிவிக்கப்பட்டதை அது சொல்கிறது, காத்ததாகச் சான்றளிப்பதில்லை. 'படை' என்ற உறுப்பு இன்றியமையாதது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படை விமானங்கள், மிராஜ் போர்விமானங்களின் துணையோடு, இலங்கை அரசின் இசைவின்றி யாழ்ப்பாணத்தில் உணவுப்பொருட்களைப் போட்டன. அது வான்பரப்பை மீறிய தலையீடுதான். ஆனால் யாரையும் தாக்கவில்லை. முற்றுகையில் இருந்த மக்களுக்கு உணவு போடுவதையும் ஒரு தலைநகரின் மீது குண்டு போடுவதையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கக் கூடாது.

மனித உரிமைகள் எல்லா மக்களுக்கும் பொதுவானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உரிமை பொதுவானது என்பதிலிருந்து, அதைக் காக்கும் அதிகாரம் வலிமையுள்ள எந்த நாட்டுக்கும் உண்டு என்பது பெறப்படாது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் இந்தியாவும், 1979இல் கம்போடியாவில் வியட்நாமும், உகாண்டாவில் தான்சானியாவும் கொடுங்கோன்மைகளுக்கு முடிவு கட்டின. அவையேகூடப் பெரிதும் தற்காப்பையே காரணமாகச் சொல்லின. மறுபுறம், ருவாண்டாவில் படுகொலை தொடங்கி இரு வாரங்களில், 1994 ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்பு அவை அங்கிருந்த ஐ.நா. படையை ஏறத்தாழ 270 பேராகக் குறைத்தது. அதை நினைக்கும்போது தலையிடாமையை அறமென்று கொண்டாடவும் மனம் ஒப்பவில்லை.

அதனால்தான் 2005 உலக உச்சிமாநாட்டு ஆவணத்தின் 138, 139ஆம் பத்திகள் வகுத்த கோட்பாட்டைத் தனிப்பதிவாக்க வேண்டுகிறேன். அதற்குக் 'காக்கும் பொறுப்பு' என்பதே பொருந்தும். 'காப்புப் பொறுப்பு' எனத் தொகையாக்கினால் காப்பீடு, காப்புரிமை ஆகியவற்றோடு குழம்பும். இனப்படுகொலை, போர்க்குற்றம், இனத் துடைத்தழிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்து மக்களைக் காக்கும் பொறுப்பு முதலில் அந்தந்த அரசுக்குரியது. அது வெளிப்படையாகத் தவறினால், அமைதி வழிகள் போதாதபோது, பாதுகாப்பு அவை வழியாகவே கூட்டு நடவடிக்கை. 2011இல் லிபியா குறித்த 1973ஆம் தீர்மானம் பொதுமக்களைக் காக்கவே ஒப்புதல் தந்தது. இந்தியா உள்ளிட்ட 5 நாடுகள் வாக்களிக்கவில்லை. நடவடிக்கை ஆட்சிக் கவிழ்ப்பில் முடிந்தபின் கோட்பாட்டின் மீதே ஐயம் படிந்தது. இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கினால் அந்தக் குழப்பம் நம் அகராதிக்குள்ளும் வந்துவிடும்.

முதற்சொல்லுக்கு நான் முன்வைக்கும் வரையறை: பெருந்திரளான உரிமை மீறலைத் தடுப்பதை நோக்கமாக அறிவித்து, ஒரு நாட்டின் இசைவின்றி அதன் எல்லைக்குள் பிற நாடுகள் படைவலிமையைப் பயன்படுத்துதல். பாதுகாப்பு அவையின் ஒப்புதல் பெற்றதையும் பெறாததையும் இதன் கீழ் இரு உட்பிரிவுகளாகக் காட்டலாமா என்பதில் சட்டம் பயின்ற உறுப்பினர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்.