டிஎன்எஸ் மாற்றியும் டிவி முகப்பில் விளம்பரம் வருகிறது

பரணி72:
43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி. முகப்பின் மேல்பாதி முழுக்க விளம்பரப் பட்டைதான். வைஃபை செட்டிங்கில் ஐபியை (நெட்வொர்க்கில் டிவியின் எண்) ஸ்டேட்டிக், அதாவது மாறாததாக ஆக்கி, தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் மாற்றினேன். டிஎன்எஸ் 1-ல் விளம்பரத் தளங்களை அடைக்கும் ஆட்கார்டின் 94.140.14.14, டிஎன்எஸ் 2-ல் கூகுளின் 8.8.8.8 கொடுத்திருக்கிறேன். சில நேரம் பட்டை காலி, சில நேரம் பழையபடி. யூடியூபில் ஒரு மாற்றமும் இல்லை. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வாங்கி, வீட்டிலேயே விளம்பரம் அடைக்கும் டிஎன்எஸ் மென்பொருளான பை-ஹோல் போட்டால்தான் தீருமா?

செம்புக்கம்பி:
ஓட்டையே அந்த டிஎன்எஸ் 2 தான். முதலாவது படுத்தால்தான் இரண்டாவது என்று கணக்கில்லை. பதில் கொஞ்சம் தாமதமானாலும் டிவி 8.8.8.8-க்குத் தாவும், அது எதையும் அடைக்காது. அங்கே 94.140.15.15 போடுங்கள், அதுவும் ஆட்கார்டுதான். பிறகு பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கத்தான் செய்யும், பழைய பதில்கள் கேஷிலேயே (தற்காலிக நினைவில்) இருக்கும்.

ஸ்டேட்டிக் ஐபி ரௌட்டரின் டிஹெச்சிபி வரம்புக்கு (ரௌட்டர் தானாகப் பங்கிடும் எண்கள்) வெளியே இருக்கட்டும். வரம்பு 2 முதல் 150 என்றால் 192.168.1.200 மாதிரி. இல்லாவிட்டால் வேறு போனுக்கும் அதே எண் போய், நெட் விட்டுவிட்டு வரும்.

யூடியூபை மறந்துவிடுங்கள். வீடியோ வரும் கூகுள்வீடியோ டாட் காமிலிருந்தேதான் விளம்பரமும் வருகிறது. அடைத்தால் படமும் நிற்கும். பை-ஹோலுக்கும் இதே கதிதான்.

ஏழாம்போர்ட்:
ஐபிவி6-ஐ (ஐபி எண்களின் புதிய வகை, ஐபிவி4 பழையது) விட்டுவிட்டீர்களே. டிவியில் கொடுத்த டிஎன்எஸ் ஐபிவி4-க்கு மட்டும். ரௌட்டர் ஐபிவி6 வழியாகத் தன் டிஎன்எஸ்ஸையும் அறிவித்துக்கொண்டே இருந்தால் டிவி அதைக் கேட்கும். ரௌட்டரின் லேன் (வீட்டு நெட்வொர்க்) பக்கத்தில் ஐபிவி6-ஐ அணைத்துப் பாருங்கள். பட்டை காலியானால் காரணம் அதுவே.

பை-ஹோலின் உண்மையான லாபம் கேள்விப் பதிவு. டிவியின் ஐபியை வைத்து வடிகட்டினால் எந்த முகவரியைக் கேட்கிறது என்று வரிவரியாகத் தெரியும். ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ தாராளம். ஆனால் 8.8.8.8-ஐ உள்ளேயே எழுதி வைத்திருக்கும் ஆப்கள் பை-ஹோலையும் தாண்டும். அதற்கு டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டைப் பை-ஹோலுக்கே திருப்பிவிடும் ரௌட்டர் வேண்டும், ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் மென்பொருள் போட்டது மாதிரி.

நிலாமுற்றம்:
முகப்புப் பட்டைதான் தொல்லை என்றால் முகப்பையே மாற்றலாமே? பிளே ஸ்டோரில் புரொஜெக்டிவி லாஞ்சர் (லாஞ்சர் என்றால் முகப்பைக் காட்டும் ஆப்). போட்டதும் அதன் செட்டிங்கில் இருக்கும் லாஞ்சரை மேலெழுதும் தேர்வை ஆன் செய்து, அக்ஸஸிபிலிட்டி அனுமதி கொடுங்கள். அது இல்லாமல் ஹோம் பட்டன் பழைய முகப்புக்கே போகும். டிவி அப்டேட்டுக்குப் பிறகு பழைய முகப்பு திரும்பி வந்தால் முதலில் அந்த அனுமதியைப் பாருங்கள்.