நிமிடத்துக்கு 125 சொட்டு: வார்டில் ஆப் வைத்துக் கற்றவர்களின் அனுபவங்கள்

காட்பாடி நர்சிங் ட்யூட்டர்:

பத்து வருடமாக நர்சிங் பிள்ளைகளை வார்டு போஸ்டிங்குக்கு அழைத்துப் போகிறேன். முன்பெல்லாம் போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வேன். இப்போது மருந்துக் கணக்கு ஆப்பை நானே இறக்கிக்கொள்ளச் சொல்கிறேன். ஆனாலும் ஒரு மதிய டியூட்டி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

வயதான அம்மா, இதயம் பலவீனம். 500 மில்லி நார்மல் சலைன், 4 மணி நேரத்தில் போகணும் என்று டாக்டர் எழுதியிருந்தார். இரண்டாம் வருட மாணவி ஆப்பில் போட்டாள், 125 சொட்டு என்று வந்தது. வாட்சைப் பார்த்து ஒழுங்காக எண்ணித்தான் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருகினாள். அந்த அம்மாவின் மகள் என்னிடம் ஓடி வந்தார்: "இன்னா மேடம், நேத்து மெதுவா போச்சு, இன்னிக்கு இம்மாம் வேகமா போவுது?"

போய் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மாட்டியிருந்த டிரிப் குழாய் சாதாரண செட், மில்லிக்கு 20 சொட்டு. ஆப்பில் இருந்தது, சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட்டின் 60. போன வாரம் குழந்தைகள் வார்டில் இருந்தபோது அவளே மாற்றி வைத்தது, அப்படியே நின்றுவிட்டது. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் 42 சொட்டுதான் வரும். 125-இல் ஓடியிருந்தால் 80 நிமிடத்தில் பாட்டில் காலி. அந்த இதயத்துக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கும். சில நிமிடத்திலேயே பார்த்துவிட்டதால் தப்பித்தோம். டாக்டரிடம் சொல்லி, சார்ட்டிலும் எழுதினோம்.

அந்தப் பெண் அழுதாள். நான் திட்டவில்லை, செட்டின் உறையை எடுத்து வாசிக்கச் சொன்னேன். எத்தனை சொட்டு என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அன்றிலிருந்து என் பிள்ளைகள் முதலில் உறையை வாய்விட்டுப் படிப்பார்கள், பிறகு பேப்பரில் கணக்கு, கடைசியில்தான் ஆப். இரண்டும் ஒத்துப்போகாமல் ரோலரில் கை வைக்கக் கூடாது.

குடியாத்தம் ஹவுஸ் சர்ஜன்:

மேடம், எனக்குத் தப்பு கணக்கில் இல்லை, மொழியில் நடந்தது. லாட்ஜ் மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர், மேற்கு வங்காளத்துக்காரர். நம்ம வேலூருக்கு வைத்தியத்துக்கு அங்கிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு நினைவு எவ்வளவு தெளிவு என்று பார்க்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேல் ஆப்பைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். கண் 4. கையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினேன், தூக்கினார், அசைவு 6. பேர், ஊர், மாசம் கேட்டேன், தமிழில். ஏதோ முனகினார், எனக்குப் புரியவில்லை. புரியாத சத்தம் என்று பேச்சுக்கு 2 போட்டேன். மொத்தம் 12.

சிடி ஸ்கேன் எடுக்க அவசரப்படுத்திக்கொண்டிருக்கும்போது அவர் தம்பி வந்தார். அதே கேள்விகளை வங்காளத்தில் கேட்க, பேர், ஊர், மாசம், விழுந்த கதை எல்லாம் தெளிவாகச் சொன்னார். 15-க்கு 15! புரியாமல் போனது எனக்குத்தான். 1974-இல் கிளாஸ்கோவில் அந்த அளவுகோலை உருவாக்கியவர்கள் பேச்சுக்கென்று தனியாக 5 மதிப்பெண் வைத்தார்கள்; நோயாளிக்குத் தெரிந்த மொழியில் கேட்காவிட்டால் அந்த 5-க்கு அர்த்தமே இல்லை.

கிராம சுகாதார செவிலியர், அணைக்கட்டு பக்கம்:

பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர்களுக்குப் போனால் பல இடத்தில் சிக்னலே எடுக்காது. அதனால் நெட் இல்லாமல் ஓடுகிற ஆப்தான் எனக்கு உதவும். பிரசவம் பார்ப்பவர்களுக்கான சேஃப் டெலிவரி ஆப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் படங்கள் போனிலேயே இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு வந்தால் என்ன செய்வது என்ற பகுதியை மட்டும் எத்தனை தடவை பார்த்திருப்பேனோ. வீட்டில் ராத்திரி பார்ப்பேன். ரத்தம் போகும்போது போனைத் தேட நேரம் கிடையாது, கை கர்ப்பப்பை மேல் இருக்கணும்.

காட்பாடி நர்சிங் ட்யூட்டர்:

அக்கா, ராத்திரி பார்ப்பது நல்ல பழக்கம், என் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். தம்பி, அந்த வங்காளக் கேள்விகளை எழுதுங்களேன். பசங்க நோட்டில் ஒட்டி வைக்கட்டும்.

குடியாத்தம் ஹவுஸ் சர்ஜன்:

ஆப்னார் நாம் கீ? உங்க பேர் என்ன. ஆப்னி ஏகோன் கொத்தாய்? இப்ப எங்க இருக்கீங்க. எட்டா கோன் மாஷ்? இது எந்த மாசம். அவர் தம்பிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், மேடம்.