‘பிக்கப்’ படுத்திய பாடு: உங்க கதையும் சொல்லுங்க

ஒடுகத்தூர்க்காரன்:

2011 ஆடி மாசம். அம்மாவுக்கு வயித்து வலின்னு வேலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். கூட இருந்தது நான் மட்டும்தான். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், காலேஜ் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகுது. ஸ்கேன் எடுத்த மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் வடகிழக்குப் பக்கத்துக்காரர், தமிழ் வராது. என்னைப் பார்த்து நிதானமாத்தான் சொன்னார்: “ஸ்கேன் பிக்ட் அப் எ ஸ்மால் லம்ப்.”

லம்ப்னா கட்டின்னு பக்கத்து பெட் அண்ணன் சொன்னார். பிக்கப்னா எடுக்கிறது, அது எனக்கே தெரியும். ரெண்டையும் கூட்டினா கட்டியை எடுத்துட்டாங்க! கத்தி இல்ல, தையல் இல்ல, அந்த வளையத்துக்குள்ள படுக்க வெச்சே எடுத்துட்டாங்க. வெளிநாட்டு மெஷின்னு சொன்னாங்களே, அதுதான் போலன்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். உடனே ஊருக்கு போன். அத்தை ரத்தினகிரி முருகனுக்கு வேண்டிக்கிட்டு இருந்தாங்க. சேதி கேட்ட அன்னிக்கு சாயந்திரமே பஸ் ஏறிப் போய் 11 தேங்காய் உடைச்சிட்டு வந்துட்டாங்க.

நான் போய் சிஸ்டர்கிட்ட “எப்பக்கா டிஸ்சார்ஜ்?”னு கேட்டேன். “ஆபரேஷனுக்கே இன்னும் தேதி குடுக்கலயே தம்பி”ன்னாங்க. அப்புறம் தனியா கூப்பிட்டு, ஸ்கேன்ல கட்டி தட்டுப்பட்டிருக்கு, அதைத்தான் டாக்டர் அப்படிச் சொன்னார்னு விளக்கினாங்க. வீட்டுக்கு இதைச் சொல்ல எனக்கு 2 நாள் ஆச்சு. தேங்காயை வேற உடைச்சாச்சே.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நாலாம் நாள் அதே டாக்டர் சிரிச்சிக்கிட்டே “ஷீ வில் பிக் அப் ஸூன்”னார். இந்தத் தடவை ஏமாறக் கூடாதுன்னு ரொம்ப யோசிச்சேன். கட்டி இல்ல, ஸ்கேன் இல்ல. அப்ப பிக்கப்னா காட்பாடி ஸ்டேஷன்ல ஆளைக் கூட்டிக்கிட்டுப் போறாங்களே, அந்த பிக்கப்! டிபன் கேரியரைக் கழுவி, பாயைச் சுருட்டி, ஆட்டோ வேற பேசி வெச்சிட்டேன். அதே சிஸ்டர்தான் வந்து, “உடம்பு சீக்கிரம் தேறிடும்னு சொல்றார்டா”ன்னு தலையில ஒரு தட்டு தட்டினாங்க.

இப்ப நானே ஒரு கம்பெனியில நாள் பூரா ஆங்கிலத்துல மெயில் போடுறேன். இருந்தும் அந்த வார்த்தையைப் பார்த்தா ஒரு நிமிஷம் நின்னுதான் தாண்டுவேன்.

காட்பாடி வண்டி:

நம்ம தொழில்ல காலைல கண்ணு முழிச்சா பிக்கப், டிராப்தான். ஹவுரா பக்கத்துலருந்து வர்ற பேஷன்ட்டுங்கதான் பாதி சவாரி. ஒரு நாள் விடிகாலை 4 மணி, வாட்ஸ்அப்ல ஒரு பெங்காலி சார் மெசேஜ்: “ப்ளீஸ் பிக் அப்.” போனை எடுக்கச் சொல்றாருன்னு நெனச்சிகினு போனையே பாத்துகினு குந்தினு கீறேன். மணி அடிக்கவே இல்ல. நம்மகிட்ட காசு இல்லாத சிம்மு, திரும்பக் கூப்பிடவும் முடியல. அங்க அவரு, வயசான அப்பாவை மூட்டை மேல குந்த வெச்சிகினு ஸ்டேஷன் வாசல்ல நின்னுகினு கீறாரு. அரை மணி கழிச்சிதான் “வேர் ஆர் யூ”ன்னு அடுத்த மெசேஜ் வந்துச்சி. இப்பல்லாம் நான் முன்னாடியே சொல்லிடுவேன்: சார், போனுக்கு ‘கால்’னு போடுங்க, வண்டிக்கு ‘கம்’னு போடுங்க. பிக்கப்பே வேணாம்.

தோட்டப்பாளையம் வாத்தியார்:

32 வருஷம் ஆங்கிலப் பாடம் நடத்தினவன், அதனால கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க. ஒடுகத்தூர் தம்பி செஞ்சது முழுத் தப்பு இல்ல. வார்த்தைக்கு அர்த்தம் பார்த்தீங்க, ஆனா எடுத்தது யாருன்னு பார்க்கல. ஸ்கேன், ரேடியோ, மோப்ப நாய் மாதிரி ஒண்ணு ‘பிக்கப்’ பண்ணினா, அது பிடிச்சிருக்கு, உணர்ந்திருக்குன்னு அர்த்தம். என் சின்ன வயசுல எங்க வீட்டு மர்பி ரேடியோ ராத்திரியில சிலோனைப் பிடிக்குமே, அதே பிடிக்கிறதுதான். மனுஷன் சாவியைப் ‘பிக்கப்’ பண்ணினா குனிஞ்சு எடுக்கிறான். சளியைப் பண்ணினா தொத்திக்குது. ஒரு மொழியைப் பண்ணினா, யாரும் உக்கார வெச்சு சொல்லிக் குடுக்காம காதாலயே கத்துக்கிறான். வேலூர் காந்தி ரோட்டு கடைப் பையன்கள் பெங்காலி பேசுறாங்களே, அது எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சது? இனி, பின்னாடி எதுவுமே வராம “ஷீ வில் பிக் அப்”னு வாக்கியம் முடிஞ்சா தேறுறது. உடம்பும் தேறும், வியாபாரமும் தேறும், காத்துகூட வேகம் பிடிக்கும். போனுக்கு வர்ற ‘பிக்கப்’பும் பின்னாடி எதுவும் இல்லாம முடியும், அதுலதான் காட்பாடி நண்பர் மாட்டினார். பின்னாடி ‘ஆன்’ ஒட்டினா ஜாடையைப் புரிஞ்சுக்கிறது. ‘ஆஃப்டர்’ ஒட்டினா அடுத்தவன் போட்ட குப்பையை எடுத்துக்கிட்டு அலையிறது, அதை எல்லா அம்மாவும் செய்றாங்க.

‘பிக் இட் அப்’னுதான் சொல்லணும், ‘பிக் அப் இட்’னு சொல்லக் கூடாது. இதை மட்டும் வகுப்புக்கு வகுப்பு சாக்பீஸைக் கீழ போட்டு எடுக்கச் சொல்லியே நடத்தியிருக்கேன். அழுத்தமும் மாறும்: வினையா வந்தா ‘அப்’ல, பெயரா வந்தா ‘பிக்’ல. நம்ம ஊர்ல எப்பவும் ‘பிக்’லதான் அழுத்துவோம், ஏன்னா நமக்கு அது ‘பண்ணு’வோட சேர்ந்து வர்ற ஒரு பெயர்ச்சொல் ஆயிடுச்சு. இந்த மாதிரி வினைகள் வெளியாளுக்கு ரொம்பக் கஷ்டம்னு 1755-ல அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே முன்னுரையில எழுதியிருக்கார். அதனால யாரும் வெட்கப்பட வேணாம்.

நம்ம ‘எடு’ மட்டும் லேசுப்பட்டதா என்ன? எங்க மாடி ரூம்ல சிகிச்சைக்கு வந்த ஒரு கொல்கத்தா தம்பதி 3 மாசம் தங்கினாங்க. அந்தம்மா ஆசையாத் தமிழ் கத்துக்கிட்டாங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள், “துணி எடுக்கப் போறோம், வீட்டைப் பாத்துக்குங்க”ன்னு சொல்லிட்டுப் போனோம். திரும்பி வந்தா மொட்டை மாடியில காஞ்ச துணி பூரா மடிச்சு வாசல்ல அடுக்கி இருக்கு. “நான் எடுத்தேன்”னாங்க!

ஆம்பூர் ஷூ:

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில மெர்ச்சண்டைசிங். ஒரு ஆர்டர்ல சோல் வர்றது லேட்டாகி, கப்பல் தவறிப் போச்சு. லேட்டானது பயர், அதாவது எங்ககிட்ட ஷூ வாங்குற கம்பெனி, சொன்ன சப்ளையரால. ஃபிளைட்ல அனுப்பினா செலவு தலைக்கு மேல. பயர் மெயில்: “வீ வில் பிக் அப் தி ஏர் ஃபிரெய்ட்.” எங்க சீனியர், “சரக்கை ஏர்போர்ட்ல வந்து எடுத்துக்கிறாங்களாம்மா, காசு நம்ம தலையில”ன்னு சொல்லி மொத்தச் செலவையும் நம்ம கணக்குல எழுதிட்டார். ஓனர் 2 நாள் யார்கிட்டயும் பேசல. மூணாம் நாள் நான்தான் பயந்துகிட்டே பயருக்கு ஒரு வரி போட்டேன், “யார் கட்டுறது?”ன்னு. “நாங்கதான், அதானே எழுதினோம்”னு பதில் வந்துச்சு. ஹோட்டல் பில்லை ஒருத்தர் ஏத்துக்கிறதுக்கும் இதே வார்த்தைதானாம். வாத்தியார் ஐயா, இது உங்க லிஸ்ட்ல விட்டுப் போச்சு.

தோட்டப்பாளையம் வாத்தியார்:

விட்டுத்தான் போச்சும்மா. சேர்த்துக்கிறேன்.

பாகாயம் பைக்:

பெங்களூர் ஆபீஸ்ல ஒரு வெள்ளைக்கார மேனேஜர்கிட்ட, என் வண்டிக்கு வயசாயிடுச்சுங்கிற அர்த்தத்துல “மை பைக் ஹேஸ் நோ பிக்கப்”னேன். என்ன புரிஞ்சுதோ, அன்னிலருந்து ஒரு வாரம் தினம் சாயந்திரம் கார் கதவைத் திறந்து வெச்சிக்கிட்டு எனக்காகக் காத்திருந்தார். நானும் திருத்தல. வண்டியை சர்வீஸும் விடல.

ஒடுகத்தூர்க்காரன்:

இதையெல்லாம் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பைக் கதைக்குத்தான் ரொம்ப சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, “உங்க அத்தை தேங்கா உடைச்சது ஒண்ணும் வீண் போவல. 15 நாள் கழிச்சு நெஜமாவே எடுத்தாங்க இல்ல? முருகனுக்கு மட்டும் இங்கிலீஷ் தெரியுமா என்ன”ன்னாங்க.